மரியாதையான புகார்

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கலாங்களா? பஸ்ஸு போற வேகத்துக்குக் காத்து மூஞ்சியிலயே அடிக்குது. போதுங்க, போதும். நீங்களும் தாராபுரந்தானுங்களே? நல்லதாப் போச்சு, பேசிட்டே போலாம். நான் பத்தரைக்குள்ள அங்க ஸ்டேசன்ல இருக்கோணும். கையெழுத்துப் போடறதுக்கு. தெனமும் போடோணும். இன்னைக்கு இருபத்தி மூணாம் நாளுங்க.

பயந்துக்காதீங்க, திருட்டுக் கேசெல்லாம் இல்ல. எம்பேரு நாச்சிமுத்து. ஏழு ஏக்கரா தென்னை இருக்குது. எங்க சமுதாயச் சங்கத்துல பன்னெண்டு வருசம் ஒன்றியச் செயலாளரா இருந்தவன். அறுபத்தொரு வயசுல இப்பத்தான் மொத மொதலா ஸ்டேசன் படி ஏறுறேன். எல்லாம் ஒரு மனுசனால. எங்கூர்ப் பள்ளிக்கூடத்து எட்மாஸ்டரு. அவன்னுதான் சொல்லோணும். வாயில வரமாட்டேங்குதுங்க, மூணு வருசப் பழக்கம்.

எதிரி பண்ணியிருந்தா வலிக்காதுங்க. எதிரின்னா பண்ணத்தான் செய்வான். இவரு எங்கூட உக்காந்து பேசினவரு. அதைத்தான் தாங்க முடியல.

பேரு கலியபெருமாள். சிதம்பரம் பக்கத்து ஆளு. மாத்தலாகி எங்கூருக்கு வந்தப்ப ஒருத்தரையும் தெரியாது. வீடு பாத்துக் குடுத்தது நானு. யாரு என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் குடுத்தேன். நம்ம ஆளுங்க இல்லாட்டியும் உள்ள விடக்கூடிய ஆளுதான்னு தெரிஞ்சுது. அதெல்லாம் பாக்காம வீடு குடுக்க முடியுங்களா? பள்ளிக்கூடத்துக்குத் தண்ணித் தொட்டி வெச்சுக் குடுத்தேன். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தேன். என் பேத்தி யாழினி அங்கதான் படிக்கிறா, நாலாவது. மகனும் மருமகளும் திருப்பூர்ல கம்பெனிக்குப் போறாங்க. புள்ள எங்ககூடத்தான் இருக்குது.

அவரு சாயங்காலம் பொழுதோட பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு நேரா எங்க தோட்டத்துக்கு வருவாரு. மோட்டார் ரூமுக்கு முன்னால ரெண்டு நாற்காலி போட்டிருப்பேன். எங்கூட்டுக்காரி தெய்வாத்தா காப்பி கொண்டாந்து வெப்பா. நான் பேசுவேன், அவரு கேப்பாரு. இப்படி மூணு வருசம்.

நான் எதையும் மறைச்சுப் பேசறவனில்லீங்க. சங்கத்துல என்ன பேசறமோ அதையேதான் அவருகிட்டயும் பேசுவேன். காலனிக்காரங்களுக்கு இப்ப ரொம்ப எடம் குடுத்தாச்சு, முந்தி இருந்த ஒழுங்கு போச்சு, கோயிலுக்குள்ள வரோணும்ங்கறாங்க, நம்ம புள்ளைங்களைப் பேசி மயக்கறதுக்குன்னே பசங்களைத் தயார் பண்றாங்க. எல்லாம் சொல்லுவேன். வேற வாத்தியாரா இருந்தா ஒண்ணு சண்டைக்கு வருவாரு, இல்லாட்டி நாளையிலிருந்து இந்தப் பக்கமே வரமாட்டாரு. இவரு அப்படி இல்ல. காப்பி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துக் கேப்பாரு. அப்படிக் கேக்கற ஆளு இந்தக் காலத்துல ஏதுங்க? எங்க சங்கத்துலயே நான் பேசினா பாதிப் பேரு போனைப் பாத்துட்டு இருப்பாங்க.

நடுவுல ஒண்ணு கேப்பாரு. "அண்ணே, அப்படி மயங்கிப் போன புள்ள ஒண்ணையாவது நீங்க நேர்ல பாத்துப் பேசியிருக்கீங்களா?"

"ஊரெல்லாம் நடக்குது வாத்தியாரே."

"ஊர விடுங்கண்ணே. நீங்க பாத்த ஒண்ணு."

இல்லைன்னேன். அவரு அதைப் புடிச்சுக்கிட்டு மடக்கவெல்லாம் மாட்டாரு. "சரிண்ணே. நான் அப்படி நெனைக்கல. ஆனா நீங்க ஏன் அப்படி நெனைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்"னுவாரு. எத்தனை அடக்கம் பாருங்க. ஒவ்வொரு நாளும் எந்திரிச்சுப் போறப்ப, "அண்ணே, எனக்கு இதுல சம்மதமில்ல. நாளைக்குப் பேசுவோம்"னுட்டுத்தான் போவாரு. மரியாதைக்குச் சொல்றாருன்னு நெனச்சுக்குவேன். வெளியூர்க்காரரு, அரசாங்க உத்தியோகம், பட்டுன்னு ஒரு பக்கம் சாஞ்சு பேச முடியுங்களா? உள்ளுக்குள்ள எம்பக்கந்தான்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நெனச்சேன்.

போன ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தாங்க. காலைச் சாப்பாடு போடறதுக்கு மகளிர் குழுவுல இருந்து ஒரு ஆளை எடுத்தாங்க. யாருன்னு பாத்தா, காலனிப் பொம்பளை. எங்க தெருப் புள்ளைங்க பன்னெண்டு பேரு படிக்குது. அத்தனை பேரும் அவ கையால திங்கோணுங்களா? சங்கத்துல கூடிப் பேசினோம். புள்ளைங்க யாரும் சாப்பிடப் போறதில்லன்னு முடிவு பண்ணினோம். தலைவரு எந்தோளைத் தட்டி, "நாச்சிமுத்து, உங்கூரை நீ பாத்துக்கோ. உம்பின்னால ஒன்றியமே நிக்குது"ன்னாரு.

நான் வாத்தியாருகிட்டப் போயி சாதாரணமாத்தான் கேட்டேன். "வாத்தியாரே, அந்த ஆளை மட்டும் மாத்திருங்க."

"அவங்க பேரு சாரதாமணிண்ணே."

"சரி. மாத்திருங்க."

"மாத்த மாட்டேன்ணே. வாங்க, பேசுவோம்."

ஒம்பது நாளு பேசினோமுங்க. நான் போகல, அவருதான் வந்தாரு. எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்து, எப்பவும் உக்கார்ற நாற்காலியில உக்காந்தாரு. நான் சத்தம் போட்டேன். அவரு குரல் ஒசரவே இல்ல. "உங்களுக்கு எதுண்ணே பயம்? புள்ளைக்கு வயித்து வலி வந்துருமா? சாமி கோவிச்சுக்குமா? இல்ல, ஊர்ல பேசுவாங்கன்னா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. காலங்காலமா இருக்கறதுன்னேன். அதுக்கும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, அவரு வீட்டுக் கதையச் சொன்னாரு. அவங்கப்பாவுக்கு நெல்லு வயலாம். வேலைக்கு வர்ற சனத்துக்குத் தண்ணி குடுக்கறப்ப, சொம்பை ஒசரத் தூக்கி அவங்க கையில ஊத்துவாங்களாம். சின்ன வயசுல இவரும் ஊத்தியிருக்காரு. காலேஜ் போற வரைக்கும் ஊத்தியிருக்காரு. "ஒரு கிழவர், அண்ணே. என் தாத்தா வயசு. குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிப்பாரு. நான் வேணும்னே மெதுவா ஊத்துவேன், வெளையாட்டுக்கு."

பாத்தீங்களா, அவரே ஊத்தியிருக்காரு. அவங்க ஊட்டுலயும் இதே வழக்கந்தான். எனக்கு ஒரே சந்தோசமாப் போச்சுங்க. எந்திரிச்சு அவரு கையப் புடிச்சேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா வாத்தியாரே, நீங்களும் நம்மளாட்டத்தான்"னேன்.

அவரு, "நான் சொன்னது வேறண்ணே"ன்னாரு. வேற என்ன இருக்குது அதுல?

கடைசி நாளு இன்னொண்ணும் சொன்னாரு. "அண்ணே, பள்ளிக்கூடத்துக்குள்ள ஏதாச்சும் நடந்துச்சுன்னா நான் எழுதிக் குடுப்பேன். உங்களுக்குத் தெரியாம எழுத மாட்டேன். அதனால இப்பவே சொல்லிடறேன்." நானும் சிரிச்சுட்டு, "எழுதுங்க, உங்க கையெழுத்து நல்லாருக்கும்"னேன். வேடிக்கைக்குச் சொல்றாருன்னுதானுங்களே யாரும் நெனைப்பாங்க?

மறுநாக் காத்தால சங்கத்து ஆளுங்க ஆறு பேரு வந்தாங்க. நேர்ல போயி ஒரு வார்த்தை கண்டிசனாச் சொல்லிட்டு வந்துரலாம்னு போனோம். அவ்வளவுதானுங்க எண்ணம். சத்தியமா அவ்வளவுதான்.

உள்ள போனா, புள்ளைங்க வரிசையா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்குது. அன்னைக்குப் பொங்கலும் சாம்பாரும். எங்க தெருப் புள்ளைங்க செவத்தோரமா சும்மா நிக்கும்னு நெனச்சேன். நாலு பேருதான் நின்னாங்க. மொத வரிசையில யாழினி. என் பேத்தி. உக்காந்து தின்னுட்டு, மறுக்கா வாங்கறதுக்குத் தட்டை நீட்டிட்டு இருக்கறா. அந்தப் பொம்பளை அவளைப் பாத்துச் சிரிச்சுட்டே கரண்டிய எடுக்கறா. எம்பின்னால ஆறு பேரு நிக்கறாங்க.

என்ன ஆச்சுன்னு எனக்கே வெவரமாத் தெரியலீங்க. சாம்பார் குண்டா கீழ சாஞ்சுது. என் கால் பட்டிருக்கும். சாட்சி சொல்றவங்க ஒதைச்சேன்ங்கறாங்க. பட்டுதுன்னு நான் சொல்றேன். ஒரு வார்த்தை சொன்னேன். ரெண்டு மூணு வார்த்தை இருக்கலாம். எங்கூர்ல கெழவனுங்க தெனமும் சொல்ற வார்த்தைதான்.

கொதிக்கற சாம்பாரு. அந்தப் பொம்பளை குறுக்க வந்து விழுந்தா. முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் வெந்துபோச்சு. அவ எதுக்குக் குறுக்க வந்தான்னு வக்கீல்கிட்டக் கேட்டேன். வராம இருந்திருந்தா அவ மேல பட்டிருக்காது, கேசே இருந்திருக்காதுங்களேன்னேன். வக்கீலு பேப்பரைப் பாத்துட்டே, "அப்ப உங்க பேத்தி மேல பட்டிருக்கும். புள்ளையத் தள்ளிவிடத்தான் வந்திருக்கு அந்தம்மா"ன்னாரு. நீங்களே சொல்லுங்க, அதுக்கு என்னத்தச் சொல்றது?

வாத்தியாரு அவளைத் தன் வண்டியிலயே உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசல. சரி, நேரம் அப்படின்னு நானும் ஊட்டுக்கு வந்துட்டேன்.

பொழுதோட வந்தாருங்க. வருவாருன்னு எனக்குத் தெரியும். சட்டையில மஞ்சக் கறை. அதே நாற்காலியில உக்காந்தாரு. தெய்வாத்தா காப்பி கொண்டாந்தா. அவரு வாங்கிக் குடிச்சாரு. முழுசாக் குடிச்சாருங்க. அதை மட்டும் என்னால மறக்க முடியல.

"அண்ணே, நான் இப்ப ஸ்டேசனுக்குத்தான் போறேன். எழுதிக் குடுக்கப் போறேன்."

"உக்காருங்க வாத்தியாரே, பேசிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு என்னன்னு சொல்லுங்க."

"செலவு இல்லண்ணே. நீங்க சாரதாமணியப் போய்ப் பாருங்க. மன்னிப்புக் கேளுங்க. கேட்டாலும் நான் எழுதத்தான் செய்வேன். எழுதக்கூடாதுன்னு கேக்காதீங்க. அது வேற, இது வேற. ஆனா கேளுங்க."

"நான் போயி அவகிட்டயா?"

"ஆமாண்ணே."

"வாத்தியாரே, நீங்க எம்பக்கம்னு நெனச்சேன்."

அவரு டம்ளரைக் கீழ வெச்சாரு. "நான் உங்ககிட்ட வந்து உக்காந்தேண்ணே. பக்கத்துல உக்காந்ததுதான்"னாரு. எந்திரிச்சுப் போனாரு. நேரா ஸ்டேசன். எங்கூட்டுக் காப்பி வயித்துல இருக்கறப்பவே எழுதிக் குடுத்தாருங்க.

அந்தப் புகாரோட நகலு வக்கீல்கிட்ட இருக்குது. படிச்சுக் காட்டினாரு. எப்படி ஆரம்பிக்குது தெரியுங்களா? "எங்கள் ஊரைச் சேர்ந்த மரியாதைக்குரிய திரு. நாச்சிமுத்து அவர்கள்." கம்பி எண்ண வெக்கற காகிதத்துலயும் மரியாதை. "எங்கள் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி அமைத்துக் கொடுத்தவர்"னு அதுவும் எழுதியிருக்குது. அப்பறந்தான் உள்ள வந்தது, ஒதைச்சது, சொன்ன வார்த்தை, எல்லாம் வரிசையா. வக்கீலு கேட்டாரு, "இதுல எது பொய்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்." மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு பொய்யும் இல்லீங்க. மோட்டார் ரூம்ல மூணு வருசம் நான் பேசினதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி எடுத்து அதுல போட்டிருந்தா என் கதை இன்னும் மோசமாயிருக்கும்னாரு வக்கீலு. அதை ஒண்ணும் போடல. கண்ணால பாத்ததை மட்டும் எழுதியிருக்காரு. எதிரி எழுதின மாதிரி எழுதியிருந்தா மனசாரத் திட்டியிருப்பேன். திட்டவும் வழியில்லாமப் பண்ணிட்டாரு.

பதினெட்டு நாளு உள்ள இருந்தேன். சங்கத்துத் தலைவருக்கு ஆள் விட்டேன். அவரு போன் சுச்சாப்பாம். அவரைக் குத்தம் சொல்லக்கூடாது, அவருக்கு ஆயிரம் சோலி. கூட வந்த ஆறு பேரும் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. குடும்பம் இருக்குதுங்களே அவங்களுக்கும். ஒன்றியச் செயலாளரா வேற ஆளைப் போட்டுட்டாங்கன்னு வெளிய வந்தப்பறந்தான் தெரிஞ்சுது. நடைமுறை அது. அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல.

உள்ள இருந்தப்ப என்னைப் பாக்க வெளியாளு ஒருத்தருதான் வந்தாரு. யாருன்னு நெனைக்கிறீங்க? அவரேதான். கலியபெருமாள் வாத்தியாரு. எங்கூட்டுக்காரிகிட்ட சுகர் மாத்திரைய வாங்கிட்டு வந்திருக்காரு. ஒரு சாட்சி இப்படி வரலாமான்னு நான் யாரையும் கேக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, "தூங்கறீங்களாண்ணே?"ங்கறாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "மூணு வருசம் எங்கிட்ட நடிச்சயே"ன்னேன். மொத தடவையா ஒருமையில பேசிப்போட்டேன்.

அவரு கோவிச்சுக்கல. "நீங்க சொன்ன எதுலயும் எனக்குச் சம்மதமில்லண்ணே. ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிட்டுத்தான் எந்திரிச்சேன்."

"அப்ப என்ன எழவுக்கு வந்து உக்காந்தே?"

"யாழினி உங்ககூடத்தானே வளர்றா. பள்ளிக்கூடத்துல அவகிட்ட நான் ஒண்ணு சொல்ல, வீட்டுல நீங்க வேற சொல்ல, நடுவுல அந்தப் புள்ள என்ன பண்ணும்? அதுக்காகத்தான் வர ஆரம்பிச்சேன். அப்பறம் பழகிருச்சுண்ணே. நீங்க ஒரு நாள் ஊர்ல இல்லாட்டி, எனக்குப் பொழுது போகாது."

மாத்திரைய மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

ஜாமீன்ல ஊட்டுக்கு வந்தேன். தெய்வாத்தாவை உக்கார வெச்சுக் கேட்டேன், புள்ள எப்படி அன்னைக்கு அந்த வரிசையில உக்காந்துச்சுன்னு. அவ அடுப்பைப் பாத்துட்டே சொல்றா, "அன்னைக்கு மட்டும் இல்ல. மொத நாள்ல இருந்தே அங்கதான் சாப்பிடறா. அவளுக்கு அந்தம்மா பண்ற பொங்கல் புடிச்சிருக்குது. தெருவுல எட்டு ஊட்டுப் புள்ளைங்க சாப்பிட்டுட்டுத்தான் இருந்துச்சு. எல்லா ஊட்டுலயும் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யாரு சொல்றது?"

சரி, பொம்பளைங்க மறைக்கறது எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதான். அதை நான் துரோகம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாத்தியாரு இருக்காருங்களே. நம்பி எல்லாத்தையும் கொட்டின எடம் அது. அவரு பண்ணினதுதான் துரோகம். எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டே பண்ணின துரோகம். அப்படி ஒண்ணை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

ஜாமீன் குடுத்தப்ப கோர்ட்டுல ரெண்டு கண்டிசன். ஒண்ணு இந்தக் கையெழுத்து. இன்னொண்ணு, சாட்சிங்க யார்கிட்டயும் நான் பேசக்கூடாது. அவருதான் மொத சாட்சி. கேஸ் முடிய நாலஞ்சு வருசம் ஆகும்ங்கறாரு வக்கீலு. அதுக்குள்ள அவருக்கு மாத்தல் வந்துரும். முந்தாநாளு நான் பள்ளிக்கூடத்து வழியா வந்தேன். வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டாரு. வாயத் தொறக்கல. கண்டிசன் அவருக்கும் தெரியும். அந்தப் பொம்பளையும் அங்க இருந்தா. காலு இன்னும் முழுசா ஆறல, தாங்கித் தாங்கித்தான் நடக்கறா. சமைக்கறதை மட்டும் விடல. என்னைப் பாத்துட்டு உள்ள போயிட்டா. நான் அவளை ஒண்ணும் சொல்லலீங்க. சொல்லவும் கூடாதே, அவளும் சாட்சி. மன்னிப்புக் கேக்கோணும்னு யாராச்சும் நெனச்சாக்கூட இப்பக் கேக்க முடியாது. கோர்ட்டு உத்தரவு.

பொழுதோட மோட்டார் ரூம்ல தனியா உக்காந்திருக்கேன். அவரு மேல உள்ள கோவத்தையெல்லாம் சத்தமாப் பேசுவேன். அவரு இருந்தா என்ன கேப்பாருன்னு எனக்கே தெரியுது. அதுக்கும் நானே பதில் தேடறேன். சிலதுக்குக் கெடைக்கறதில்ல. அது அவரு மேல இன்னும் கோவத்தைத்தான் கெளப்புது. நான் கேக்கறது இதுதானுங்க, ஒரு மனுசன் ஒரு மனுசனை இவ்வளவு நம்ப வெச்சு.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? தாராபுரம் இன்னும் வரலீங்களே. முன்னால சீட்டுக் காலியாயிருச்சுங்களா? அங்க காத்து நல்லா வரும்ங்கறீங்க. சரிங்க. இல்ல இல்ல, நான் தப்பா நெனைக்கல, போங்க. கம்பியப் புடிச்சுட்டுப் போங்க, வளைவு வருது.

அந்த மனுசன் மூணு வருசத்துல ஒரு நாளும் பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போனதில்லீங்க.